இரண்டாவது அம்பு

1995ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சில வரிகளே கொண்ட ஒரு குறிப்பு வெளியாயிற்று. 29 வயதுடைய கட்டடத் தொழிலாளி ஒருவர் கீழே குதித்தபோது 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆணி ஒன்றின்மேல் இறங்கிவிட்டார். ஆணி அவருடைய காலணியின் அடிப்பகுதியைத் துளைத்து மேற்புறமாக வெளிவந்து நின்றது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவர் கொண்டுவரப்பட்டபோது, ஆணி இம்மியளவு அசைந்தாலும் துடித்துப்போனார். ஃபெண்டானில், மிடசோலாம் ஆகிய வலுவான மருந்துகளை ஊசிவழி செலுத்திய பின்னரே ஆணியைப் பிடுங்க முடிந்தது. காலணியைக் கழற்றிப் பார்த்த மருத்துவர்கள் வியந்து நின்றனர். ஆணி விரல்களுக்கு இடையே புகுந்து வெளியேறியிருந்தது. பாதத்தில் ஒரு கீறலும் இல்லை.

இதைச் சொல்லக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "அப்படியானால் அவர் நடித்தாரா?" என்று கேட்பார்கள். இல்லை. அந்த மனிதர் உணர்ந்த வலி மெய்யான வலி. காலணியைத் துளைத்து நிற்கும் ஆணியைக் கண் கண்டது. பாதம் கிழிந்திருக்கும் என்று மனம் முடிவு செய்தது. அந்த முடிவுக்கு ஏற்ற வலியை மூளை உண்டாக்கிற்று. காயம் பொய், வலி மெய்.

இந்த வேறுபாட்டை இவ்விதழில் விரிவாக எழுத வேண்டும் என்று நாங்கள் எண்ணியதற்கு ஒரு காரணம் உண்டு. நாள்பட்ட முதுகுவலியோடு வரும் ஒருவருக்கு ஸ்கேன் எடுக்கிறோம். அறிக்கையில் குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் இல்லை என்று வருகிறது. மகிழ்ச்சியான செய்தி என்று நினைத்து, "ஒன்றுமில்லை அம்மா" என்று சொல்லிவிடுகிறோம். அந்த அம்மாவின் முகம் வாடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அன்று மாலை பார்வை நேரத்தில் வரும் உறவினர், "டாக்டரே ஒன்றுமில்லை என்கிறார், எல்லாம் உன் மனப்பிரமைதான்" என்று அன்போடுதான் கூறுகிறார். அதைக் கேட்டபின் அந்த அம்மா வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். வலி குறைந்து வரும் மௌனம் அன்று அது. இனிச் சொல்லிப் பயனில்லை என்று அவர் கைவிட்டுவிட்டார். இதில் முதற்பிழை எங்களுடையது என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறோம்.

வலியை ஆராயும் பன்னாட்டு அறிஞர் கழகம் 1979இல் வகுத்து 2020இல் திருத்திய வரையறை, வலியை உடலுணர்ச்சியும் உள்ள உணர்ச்சியும் கலந்த ஓர் அனுபவம் என்றே குறிப்பிடுகிறது. திசுவில் உண்மையான சேதம் இருந்தால் மட்டுமே அது வலி என்று அவ்வரையறை சொல்லவில்லை. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று கூறினால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்ற விளக்கத்தையும் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்துள்ளது. "மனத்தால் வருவது" என்பதும் "பொய்யானது" என்பதும் ஒன்றல்ல என்பதை மருத்துவ உலகம் இவ்வளவு தெளிவாக எழுதி வைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

வலி மட்டுமே இப்படி உருவாகிறது என்று எண்ண வேண்டியதில்லை. அடிவானத்தில் எழும் முழுநிலவு உச்சிவானத்து நிலவைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. விழித்திரையில் விழும் பிம்பமோ இரு வேளையிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கண் தருவது அரைகுறைத் தடயங்கள் மட்டுமே. அவற்றைக் கொண்டு மனம் நாம் அறியாமலேயே ஓர் ஊகத்தைச் செய்கிறது. அந்த ஊகத்தையே நாம் காட்சி என்கிறோம் என்றார் அவர். இன்றைய நரம்பியலாளர் பலரும் இவ்வழியிலேயே சிந்திக்கின்றனர். மூளை தகவலுக்காகக் காத்திருப்பதில்லை. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்து, வந்த தகவலைக் கொண்டு அக்கணிப்பைத் திருத்திக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற நம் பாட்டிமார் இதே செய்தியைச் சோதனைக்கூடம் இல்லாமலே கண்டறிந்திருந்தனர்.

பௌத்தம் இவ்விடத்தில்தான் நம் கவனத்துக்கு உரியதாகிறது. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தோன்றிய அம்மரபு, ஓர் அனுபவம் எப்படி உண்டாகிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க முயன்றது. புலனும் பொருளும் அறிவும் ஒன்றுகூடும்போது தொடர்பு உண்டாகிறது. தொடர்பிலிருந்து இன்பமாகவோ துன்பமாகவோ இரண்டுமல்லாததாகவோ ஒரு நுகர்ச்சி பிறக்கிறது. நுகர்ந்ததை மனம் இன்னதென்று அடையாளம் காண்கிறது. அடையாளம் கண்டதைப் பற்றி எண்ணுகிறது. எண்ணியதை மேலும் மேலும் பெருக்கிக்கொள்கிறது. பாலி மொழியில் உள்ள மச்சிம நிகாயத்தின் ஓர் உரையாடல் இவ்வரிசையை விளக்குகிறது. மற்றொரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில், அடையாளம் காணும் இச்செயல் கானல்நீருக்கு உவமிக்கப்படுகிறது. வெயிலும் மணலும் மெய். அங்கே தெரியும் நீர் நம் பங்களிப்பு.

தமிழுக்கு இச்சிந்தனை புதிதன்று. நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை பௌத்தக் காப்பியம். துன்பம் தோன்றும் பன்னிரு சார்புகளை அது தமிழ்ச் சொற்களாலேயே கூறுகிறது. தொடர்பை 'ஊறு' என்றும், அதனால் விளையும் உணர்ச்சியை 'நுகர்வு' என்றும், அதன்மேல் எழும் அவாவை 'வேட்கை' என்றும் அழைக்கிறது. காப்பியம் 'நுகர்வு' என்று குறிப்பதற்குப் பாலியில் உள்ள சொல் 'வேதனா'. இன்பமும் அதில் அடக்கம். அச்சொல் நம் அன்றாட வழக்கில் 'வேதனை' என்று புழங்கும்போது துன்பத்தை மட்டுமே குறிக்கிறது. உணர்ச்சி என்ற பொதுச்சொல் எப்படித் துயரமாகச் சுருங்கிற்று என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். மருத்துவமனையில் பணிபுரியும் எங்களுக்கு அச்சுருக்கத்தின் காரணம் ஓரளவு விளங்குகிறது.

இனி அந்த அம்புக்கு வருவோம். சம்யுத்த நிகாயத்தில் புத்தர் கூறியதாக ஓர் உவமை வருகிறது. பயிற்சியற்ற ஒருவனை உடல்வலி தாக்கும்போது அவன் அழுது புலம்பி மார்பில் அறைந்துகொள்கிறான். ஓர் அம்பால் தைக்கப்பட்டவன் உடனே இரண்டாவது அம்பாலும் தைக்கப்படுவதைப் போன்றது அவன் நிலை. முதல் அம்பு உடலுக்கு, இரண்டாவது உள்ளத்துக்கு. பயிற்சி பெற்றவனுக்கும் முதல் அம்பு தைக்கவே செய்கிறது. இரண்டாவது அவனைத் தைப்பதில்லை. பயின்றவனுக்கு வலியே இராது என்று இவ்வுவமை கூறவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது அம்பு எப்படி இருக்கும் என்பது எங்கள் வார்டுகளில் இரவு இரண்டு மணிக்குத் தெரியும். "இந்த வலி போகவே போகாதோ?" "நாளைக்குக் கூடுமோ?" "பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேனே." "அப்போதே வந்திருக்க வேண்டும்." தையல் போட்ட இடம் அவ்வளவாக வலிக்காத நேரத்திலும் இவை தைத்துக்கொண்டே இருக்கும்.

இவ்வாறு இரண்டு அம்புகளாகப் பிரிப்பது வெறும் உவமைதானா, உடலிலும் அப்படியொரு பிரிவு உண்டா? 1997இல் மான்ட்ரியலில் பியர் ரேன்வில் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் செய்த சோதனை இவ்வினாவுக்கு நெருங்கி வருகிறது. தன்னார்வலர்கள் வலியூட்டும் அளவு சூடான நீரில் கையை அமிழ்த்தினர். அறிதுயில் நிலையில் அவர்களுக்குத் தரப்பட்ட கருத்துரைகள், வலியின் கடுமையை மாற்றாமல் அதன் துன்பத்தன்மையை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்தன. அப்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, உடலுணர்ச்சியைப் பதிவு செய்யும் புறணிப் பகுதியில் பெரிய மாற்றமில்லை. முன்புறச் சிங்குலேட் என்னும் பகுதியின் செயல்பாடே துன்பத்தன்மையோடு ஏறி இறங்கிற்று. "எவ்வளவு வலிக்கிறது?" என்பதும் "அது உங்களை எவ்வளவு வருத்துகிறது?" என்பதும் இரு வேறு கேள்விகள். சுழியத்திலிருந்து பத்துவரை எண் கேட்கும் எங்கள் செவிலியர் பெரும்பாலும் முதற்கேள்வியை மட்டுமே கேட்கின்றனர்.

பொருள் மாறினால் வலியும் மாறுகிறது என்பதற்குப் போர்க்களத்திலிருந்து ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய முனையில் காயமுற்ற அமெரிக்க வீரர்களை ஹென்றி பீச்சர் என்னும் மயக்கவியல் மருத்துவர் ஆராய்ந்து 1946இல் எழுதினார். கடுமையாகக் காயமுற்ற இருநூற்றுக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் வலிமருந்து வேண்டும் அளவுக்குத் தமக்கு வலியில்லை என்றனர். அதே அளவு காயத்தோடு ஊரில் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால் மருந்து கேட்டுக் கதறுவார் என்பது அவர் அறிந்ததே. பீச்சர் தந்த விளக்கம் எளியது. அந்த வீரனுக்குக் காயம் என்பது களத்திலிருந்து உயிரோடு வீடு திரும்பும் வாய்ப்பு. ஊரில் இருப்பவனுக்கோ அதே காயம் வேலை போவதற்கும் கடன் ஏறுவதற்கும் தொடக்கம்.

மனம் சொல்லும் செய்தி உடலுக்குள் எவ்வழியாக இறங்குகிறது? முதுகுத்தண்டில் வலிச்செய்தியைத் திறந்தும் மூடியும் விடும் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965இல் முன்வைத்தனர். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகள் வலியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை என்பது நிலைபெற்றுவிட்டது. 1978இல் ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் ஆகியோர் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வலிமருந்து என்ற நம்பிக்கையில் ஏற்றுக்கொண்ட வெற்று மருந்தால் சிலருக்கு வலி தணிந்தது. அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலோக்சோனைச் செலுத்தியதும் அந்தத் தணிவு மறைந்தது. நம்பிக்கை உடலின் சொந்த மருந்துக்கூடத்தைத் திறந்துவிடுகிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தனர்.

அதே கூடத்திலிருந்து நஞ்சும் வரலாம். இங்கே நாங்கள் எங்களைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு முதுகில் மரப்பூசி போடும் நேரத்தில் மருத்துவர் கூறும் சொற்களை ஓர் அமெரிக்க ஆய்வு ஒப்பிட்டது, 2010இல் வெளியாயிற்று. "பெரிய தேனீ கொட்டுவது போல இருக்கும், இதுதான் மிகக் கடினமான பகுதி" என்ற பொருளில் எச்சரிக்கப்பட்டவர்கள், "இந்த இடத்தை மரத்துப்போகச் செய்கிறோம், உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்ற பொருளில் ஆறுதலாகக் கூறப்பட்டவர்களைவிடக் கூடுதல் வலியைத் தெரிவித்தனர். பத்துக்கு ஐந்து, பத்துக்கு மூன்று என்பது இரு பிரிவினரின் இடைநிலை அளவு. ஊசி அதே ஊசி. "கொஞ்சம் வலிக்கும், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேரிடம் கூறியிருக்கிறோம்! நல்லெண்ணத்தோடுதான் கூறினோம். ஆனால் முதல் அம்பு புறப்படும் முன்பே இரண்டாவதை எய்துவிட்டோம்.

தியானத்தைப் பற்றி இப்போது எழுதலாம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979இல் ஜான் கபாட்-சின், பௌத்தத் தியான முறையைச் சமயச் சார்பின்றி ஒரு பயிற்சியாக வகுத்து, பிற சிகிச்சைகளால் முழுப் பயன் பெறாத நாள்பட்ட வலியாளர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். வலியை விரட்டச் சொல்லாமல், அது எங்கே தொடங்குகிறது, எப்படி மாறுகிறது, அதைத் தொடர்ந்து என்னென்ன எண்ணங்கள் வருகின்றன என்று பார்க்கச் சொல்வது அம்முறை. 2011இல் ஃபாடெல் செய்டானும் குழுவினரும் புதியவர்கள் சிலருக்கு நான்கு நாள், நாளொன்றுக்கு 20 நிமிடம் பயிற்சி அளித்து, வெப்பத்தால் வலியூட்டிப் பார்த்தனர். வலியின் கடுமை 40 விழுக்காடும், அதன் துன்பத்தன்மை 57 விழுக்காடும் குறைந்ததாகப் பதிவாயிற்று. மிகச் சிறிய ஆய்வு. நலமானவர்களிடம், ஆய்வகத்தில் செய்தது. அந்த எண்களை வாசகர் தம் மூட்டுவலிக்கு அப்படியே பொருத்திக்கொள்ளலாகாது. எனினும் இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாயிருப்பது எங்களை நின்று யோசிக்க வைத்தது. 2016இல் அவர்களே நலோக்சோன் செலுத்திப் பார்த்தபோது தியானத்தால் வந்த தணிவு மறையவில்லை. வெற்று மருந்தின் வழி வேறு, தியானத்தின் வழி வேறு என்று இதிலிருந்து எண்ண இடமுண்டு. "எல்லாம் நம்பிக்கைதான்" என்று இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட முடியாது.

இவ்வளவு படித்த பின்னர், மருந்தை நிறுத்திவிட்டு மனத்தை மட்டும் நம்பலாமா என்று எவரேனும் எண்ணினால், 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆஸ்துமா ஆய்வை அவருக்கு எடுத்துக் காட்டுவோம். உண்மையான இன்ஹேலர், வெற்று இன்ஹேலர், பொய்யான அக்குபங்சர் ஆகிய மூன்றிலும் நோயாளிகள் ஏறத்தாழ ஒரே அளவு நிம்மதி அடைந்ததாகக் கூறினர். கருவியால் மூச்சை அளந்தபோதோ, உண்மையான மருந்து பெற்றவர்களின் மூச்சுத்திறன் 20 விழுக்காடு உயர்ந்தது. மற்றவற்றில் ஏழு விழுக்காட்டளவே. நிம்மதி மெய்தான், ஆனால் மூச்சுக்குழாய் சுருங்கியே இருந்தது. மனம் அனுபவத்தை வனைகிறது. அடைபட்ட இதயக் குழாயையோ சீழ்பிடித்த குடல்வாலையோ அது திறந்தும் அகற்றியும் தராது. ஆகவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கூடும் வயிற்றுவலி ஆகியவற்றை எவரும் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்க வேண்டாம். அழைப்பு மணியை அழுத்துங்கள்.

பௌத்தத்துக்கும் அறிவியலுக்கும் இடையே உள்ள வேற்றுமையையும் மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆய்வாளர் அளப்பது வலியை, குறைத்தால் வெற்றி. பௌத்தத்தின் நோக்கம் வலிநிவாரணம் அன்று. நுகர்விலிருந்து வேட்கை பிறக்கும் கண்ணியை அறுப்பதே அதன் இலக்கு. இன்பத்தின்மீதுள்ள பிடிப்பையும் அது அவிழ்க்கச் சொல்கிறது. மருத்துவமனைகள் அம்மரபின் ஒரு கிளையை மட்டும் ஒடித்து எடுத்துவந்திருக்கின்றன என்று குறை கூறும் பௌத்தர்களும் உளர். அக்குறையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறோம். எந்தச் சமயத்தைச் சேர்ந்த நோயாளியும் தம் நம்பிக்கையை விடாமல் இக்கிளையின் நிழலில் சற்று இளைப்பாறலாம் என்பதும் எங்கள் எண்ணம். கண்ணை மூடி உள்ளே கவனிப்பது சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டுவதும் உண்டு. அத்தகையோர் கண்ணைத் திறந்துகொண்டு, கூடவிருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பதே நன்று.

கண்ணைத் திறந்து பார்ப்பதற்கும் ஏதேனும் வேண்டுமே! ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வலுவான வலிமருந்தும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. எல்லாக் கட்டிலையும் மரம் பார்த்துப் போட எங்களால் இயலாது. ஆனால் எழுந்து உட்காரக்கூடிய எவரையும் மாலையில் சற்று நேரம் சன்னலோரம் அமர்த்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

உடனிருப்போரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. "நினைக்காதே, வலிக்காது" என்று சொல்வதற்குப் பதிலாக, "எங்கே வலிக்கிறது? காலையில் இருந்ததுபோலவே இருக்கிறதா, மாறியிருக்கிறதா? அதில் எது உங்களை அதிகம் பயமுறுத்துகிறது?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் விடையைச் செவிலியரிடமும் சொல்லுங்கள். "தையல் பிரிந்துவிடுமோ என்று பயம்" என்று ஒருவர் கூறினால், தையலைக் காட்டி விளக்க எங்களுக்கு இரண்டு நிமிடம் போதும். நோயாளர்களும் இனி எண்ணைக் கூறும்போது இரண்டாகக் கூறலாம்: வலி ஆறு, கவலை ஒன்பது என்பது போல. அவ்வாறு கூறினால் எங்கள் செவிலியர் வியப்படைய மாட்டார்கள், இரண்டையும் குறித்துக்கொள்வார்கள்.

வலியைச் சொல்வதையே பலவீனம் என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்காகப் பாலி நூல்களில் வரும் ஒரு காட்சி. மல்லர்களின் பாவா நகரில் புதிதாகக் கட்டிய மன்றத்தில் துறவியர் கூடியிருக்கின்றனர். இரவு நெடுநேரம் ஆகிவிட்டது. முதுமையுற்ற புத்தர் தம் மூத்த மாணவர் சாரிபுத்தரை நோக்கி, தமக்கு முதுகு வலிக்கிறதென்றும், அதைச் சற்று நீட்டிக்கொள்ள வேண்டுமென்றும், மேற்கொண்டு அவரே பேசட்டுமென்றும் கூறுகிறார். பிறகு மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கமாகப் படுத்துக்கொள்கிறார். சாரிபுத்தர் பேசத் தொடங்குகிறார்.